மூணு கொட்டேஷன்

ஏனுங் தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க போனை எட்டிப் பாத்துப்போட்டேன். டிவிக்குப் பின்னால வெக்கற சின்னக் கம்ப்யூட்டர்தானுங்களே அது? அஞ்சாறு தினுசைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டிருக்கீங்க. பாருங்க, பாருங்க. அதுல எங்கிட்டக் கேட்டா எட்டு மாசம் பேசுவேன். பரீச்சைக்குப் படிக்கறவன்கூட அத்தனை படிச்சிருக்க மாட்டான்.

அம்மாவுக்குக் கண்ணு காட்ட வந்தீங்களா? உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா? எங்க ஊட்டுக்காரியையும் இப்பத்தான் கூட்டிட்டுப் போனாங்க. சொட்டு மருந்து விடோணும், கண்ணு விரியோணும், படம் புடிக்கோணும், அப்பறம் டாக்டரம்மா பாக்கோணும். ஒண்ணரை மணி நேரம் ஆகும். நாங்க மாசாமாசம் வர்றவங்க. இந்த நாற்காலில எது ஆடும் எது ஆடாதுன்னுகூட எனக்குத் தெரியும். நீங்க உக்காந்திருக்கறது ஆடுங்க, இந்தப் பக்கம் வந்துருங்க.

எம்பேரு கொழந்தவேலு. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுல முப்பத்தி நாலு வருசம் பர்ச்சேஸ் செக்சன். மில்லுக்குள்ள ஒரு பல்பு வந்தாலும் என் கையெழுத்து இல்லாம வராது. எங்களுக்கு ஒரு மொறை உண்டுங்க. எது வாங்கறதா இருந்தாலும் மூணு கடைல கொட்டேஷன் வாங்கோணும். ஒரு தாள்ல கட்டம் போட்டு, மூணு வெலையும், மூணு பேரோட கேரண்டியும், எத்தனை நாள்ல குடுப்பான்ங்கறதும் எழுதி, எது தேவலையோ அதுக்கு டிக்கு அடிச்சு மேனேஜருக்கு அனுப்போணும். முப்பத்தி நாலு வருசத்துல ஆடிட்காரன் என் பைல்ல ஒரு குறை எழுதினதில்லீங்க. அந்தப் பழக்கம் ஊட்டுக்கும் வந்துருச்சு. கிரைண்டருக்கு மூணு கொட்டேஷன். ஊட்டுக்குப் பெயிண்டு அடிக்க மூணு கொட்டேஷன். புள்ளைக்கு மாப்ள பாக்கறப்பக்கூட மூணு ஜாதகத்தைக் கட்டம் போட்டுத்தான் எழுதினேன். சிரிக்காதீங்க, நல்ல மாப்ளதான் வந்தாரு. மொறை எப்பவும் தப்பாப் போகாதுங்க.

கதைக்கு வர்றேன்.

போன ஆடில இதே ஆஸ்பத்திரிதான். எங்க ஊட்டுக்காரி சாந்தாமணிக்குப் பதினாறு வருசமாச் சக்கரை. இடது கண்ணு அதுக்கு முந்தின வருசமே போயிருச்சு. வலது கண்ணைப் பாத்துப்போட்டு டாக்டரம்மா சொன்னாங்க, "ஊசி போட்டுப் பார்வையைப் புடிச்சு வெக்கலாங்கய்யா, ஆனா எத்தனை நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது"ன்னு. நான் தலையாட்டினேன். ஊசில ஒண்ணுகூட நான் தப்ப விட்டதில்லீங்க, அதுல மட்டும் யாரும் என்னைக் குத்தம் சொல்ல முடியாது. அப்பறம் அவங்களே இவகிட்ட, "போனை மூக்குல ஒட்ட வெச்சுட்டுச் செரமப்படாதீங்கம்மா, பெரிய திரையில பாருங்க"ன்னாங்க.

போன்ல என்ன பாக்கறான்னு கேக்கறீங்களா? பேரன். எம்புள்ள கோகிலவாணி நியூசிலாந்துல இருக்கறா. அங்கதான் பையன் பொறந்தான், இனியன்னு பேரு. இவ கண்ணை வெச்சுட்டு எங்களால போக முடியல. அவளுக்கும் அங்க வேலை, லீவு, பேப்பருன்னு ஆயிரம் இருக்குது. அடுத்த வருசம் வர்றேன், அடுத்த வருசம் வர்றேன்னு சொல்லிட்டிருக்கறா. பையன் மொதமொதல்ல நடக்கறதைப் புடிச்சு அனுப்பியிருந்தா. நாப்பது விநாடிதான் இருக்கும். அதை இவ போன்ல வெச்சுட்டுப் பூதக்கண்ணாடியில பாப்பா. அப்பவும் மூஞ்சி பிடிபடல. ஊட்டுக்குத் திரும்பிப் போறப்ப பஸ்ஸுல எங்கிட்டக் கேட்டா: "ஏனுங்க, அந்தப் பையனை டிவில ஒருக்காப் பெருசாக் காட்டுங்க. மூக்கு எங்கப்பனாட்ட இருக்குதுன்னு வாணி சொல்றா. நெசமான்னு பாத்துப்போடறேன்."

அவ்வளவுதானுங்க அவ கேட்டது. இத்தனை வருசத்துல எங்கிட்ட அவ வாய் தொறந்து கேட்ட சாமான் வெரல் விட்டு எண்ணிப்போடலாம். அப்படிப்பட்டவ கேக்கறா. ஏனோதானோன்னு செய்ய முடியுங்களா?

மாப்ள அன்னிக்கே போன்ல சொன்னாரு, "மாமா, ஒரு பென் டிரைவ்ல போட்டு டிவிக்குப் பின்னால சொருகினாப் போதும்"னு. எனக்குச் சுருக்குன்னு இருந்துது. அது சில்லறை வேலைங்க. இன்னிக்குச் சொருகுவோம், நாளைக்கு அது எந்த டப்பாவுல கெடக்குதோ? செய்யறதுன்னு ஆகிப்போச்சு, ஒரு ஏற்பாடாச் செய்யோணும். வாணி கல்யாணக் கேசட்டு, போட்டோ ஆல்பம், கோயில் கோயிலாப் போனது, பாட்டு, பேரன், எல்லாத்தையும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, அதை டிவிக்குப் பின்னால வெச்சு, ரிமோட்டை அமுக்கினா வருசவாரியா வரோணும். இதுக்குக் கம்மி வெலைல என்னென்ன இருக்குதுன்னு பாத்துச் சொல்றேன் மாப்ளன்னேன். செரிங்க மாமான்னாரு. அந்தாளு எப்பவும் எதிர்த்துப் பேச மாட்டாரு.

இனிமே நீங்க பாக்கற சமாச்சாரம். கேட்டுக்கோங்க, உங்களுக்கு உதவும்.

மூணு வழி இருக்குதுங்க. ஒண்ணு, வெரல் நீளத்துக்கு டிவில சொருகற குச்சி. வெல கொறைச்சல். ஆனா உள்ள எடமே இல்ல, இண்டர்நெட் இல்லீன்னா சும்மா கெடக்கும். ரெண்டாவது, உள்ளங்கை அகலத்துல ஒரு போர்டு. பாத்தா மலிவு. கடைக்காரன் சொல்ற வெல வெறும் போர்டுக்கு மட்டும். அதுக்குப் பெட்டி தனி, மெமரி கார்டு தனி, கரண்ட் அடாப்டர் தனி, சூடு ஆகாம இருக்கக் குட்டி பேன் தனி. எலுமிச்சம்பழம் வாங்கப் போனவன் மரத்தையும் வாங்கிட்டு வந்தாப்பல ஆகிப்போகும். மூணாவது, கம்பெனிக்காரங்க மூணு வருசம் ஓட்டிட்டுத் தள்ளிவிடற மினி பீசி. ஒரு தடிப் புஸ்தகம் அளவுதான் இருக்கும். பழசு, ஆனா கெட்டி. எங்கிட்டக் கேட்டா அதுதான். அதுலயும் உள்ள இருக்கற சிப்பு எத்தனாவது தலைமுறைன்னு பாத்து வாங்கோணும். இப்பத்தப் போன்ல எடுக்கற வீடியோவெல்லாம் புது வகை. பழைய கம்ப்யூட்டர்ல போட்டா நொண்டி நொண்டி ஓடும், பையன் ஒரு காலைத் தூக்கினா மறு காலு வர்றதுக்குள்ள சத்தம் முடிஞ்சுரும். இதைத் தெரிஞ்சுக்கவே எனக்கு ஆவணி மாசம் முழுக்க ஆச்சுங்க.

காந்திபுரத்துல கடை கடையா ஏறினேன். கட்டம் போட்டேன். வெல, மெமரி, டிஸ்க்கு, எத்தனை வாட்டு கரண்ட்டு, பேன் சத்தம், கேரண்டி. பேன் சத்தத்தைக் கொட்டேஷன்ல யாருங்க எழுதிக் குடுப்பான்? நானே போயி காதை வெச்சுக் கேப்பேன். ஒரு கடைக்காரன், "சார், நீங்க கம்ப்யூட்டர் வாங்க வர்றீங்களா, மாடு வாங்க வர்றீங்களா?"ன்னு கேட்டான். பல்லைப் புடிச்சுப் பாக்கறது ஒண்ணுதான் பாக்கிங்கறான். பேசட்டும். ஏமாறறதுக்கு அது தேவலை.

புரட்டாசில மூணு கொட்டேஷனும் கைக்கு வந்துது. வந்ததும் ஒருத்தன் வெலயை ஏத்திப்போட்டான், இன்னொருத்தன்கிட்ட அந்த மாடல் வித்துப்போச்சு. மூணுல ஒண்ணு போனா மறுபடியும் மொதல்ல இருந்து வரோணுங்க. அதுதான் மொறை. சாந்தா கேட்டா, "ஆச்சுங்களா?"ன்னு. ஆகுது இருன்னேன். ஐப்பசில தீபாவளிக்குத் தள்ளுபடி வரும்னு பொறுத்தேன். தள்ளுபடி வந்துது, சரக்கு தீந்துது. "ஆச்சுங்களா?"ன்னா. இந்தா ஆச்சுன்னேன். கார்த்திகைல ஒருக்காக் கேட்டா. அப்பறம் கேக்கறதையே விட்டுப்போட்டா.

எனக்கு அதுலதானுங்க மனசு விட்டுப்போச்சு. உனக்காகத்தானே இத்தனை அலையறேன், என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? சாப்பாட்டு மேசைல தாளைப் பரப்பிட்டு எழுதிட்டிருப்பேன். அவ சோபாவுல சும்மா உக்காந்திருப்பா. பேப்பரைக் குடுத்தா, "நீங்களே படிங்க, கேட்டுக்கறேன்"ம்பா. மார்கழில கோலம் போடறதை நிறுத்திப்போட்டா. பக்கத்து ஊட்டு ரேவதி வந்து ரெண்டு வாசலுக்கும் சேத்துப் போட்டுட்டுப் போகும். ஏன்னு கேட்டா, குளுருதுங்கன்னா. செரி, வயசாகுதுன்னு விட்டுட்டேன். ஒரு நாள் காப்பி டம்ளரைக் கொண்டாந்து மேசைல வெச்சா பாருங்க, அடிப்பாகம் பாதி தாள் கட்டு மேல ஏறி நிக்குது. கவுந்து அத்தனையும் என் தாள் மேல. ரெண்டு மாசத்துக் கணக்குங்க. "கண்ணு தெரியலையா உனக்கு?"ன்னு கத்திப்போட்டேன். கத்தினதும் நாக்கைக் கடிச்சேன். அவ சிரிச்சா. "தெரியுதுங்க, தெரியுதுங்க. கைதான் நடுங்குது"ன்னா. நானும் துணியெடுத்துத் தொடச்சுட்டு மறுபடி எழுத உக்காந்தேன்.

மார்கழிலயே மாடல் முடிவாயிருச்சு. ஆனா மார்கழில புதுச் சாமான் ஊட்டுக்கு வரக்கூடாதில்லீங்களா. பழசுதானே, யாரோ மூணு வருசம் ஓட்டினதுதானேன்னு கடைக்காரன் சொல்றான். அவனுக்குப் பழசு, நம்ம ஊட்டுக்குப் புதுசுதானுங்க. தை பொறந்து அஞ்சாம் நாள் வாங்கினேன். அப்பறம் அதுல ஒவ்வொண்ணா ஏத்தோணும். கல்யாணக் கேசட்டை மாத்தித் தர்றவன் ஒருத்தன்தான் இருக்கறான், அவன் ரெண்டு வாரம் இழுத்தான். போட்டோவே ஆயிரத்துச் சொச்சம், ஒவ்வொண்ணுக்கும் வருசம் எழுதினேன். மொதல்ல பேரனை மட்டும் ஏத்திக் காட்டியிருக்கலாமேன்னு உங்களுக்குத் தோணும். தோணுதில்ல? எனக்கும் இப்பத் தோணுதுங்க. ஆனா பாதி வேலையைக் காட்டிப் பழக்கமில்ல. மில்லுல பாதி லோடு வந்தா எறக்கவே விட மாட்டோம்.

மாசி பதினொண்ணு. வெள்ளிக்கிழமை பொழுதோட, வெளக்கு வெக்கற நேரம். எல்லாம் முடிச்சேன்.

சாந்தா தலை வாரி, பூ வெச்சு, நல்ல சேலை கட்டிட்டு வந்து உக்காந்தா. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. பரவால்ல, ஆசை இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். டிவில இருக்கற ஸ்பீக்கர் சத்தம் பத்தாதுன்னு பழைய ஆம்ப்ளிபயர் ஒண்ணு வெச்சிருந்தேன், சத்தத்தை அதுல குடுத்துட்டேன். படத்துக்குத் தனி கேபிள். கேபிளுக்கும் மூணு கடை பாத்தனுங்க, இருக்கறதுல கொறைச்சலானதைத்தான் வாங்கினேன், அது ஒண்ணுதான் கொஞ்சம் லொடலொடன்னு இருந்துது. நான் டிவிக்கும் செவுத்துக்கும் நடுவுல பூந்து, மண்டி போட்டுட்டு அதைப் புடிச்சுட்டிருக்கறேன். பையன் படம் திரும்பத் திரும்ப ஓடறாப்பல வெச்சுப்போட்டு ரிமோட்டை அமுக்கினேன்.

சத்தம் வந்துது. பையன் சிரிக்கறான். வாணி, "வா சாமி, வா, வா, அம்மாகிட்ட வா"ங்கறா. ஹாலு முழுக்க அவ கொரலுங்க, பக்கத்துல நிக்கறாப்பல. எனக்குப் பின்னால இருந்து ஒண்ணும் தெரியல.

"தெரியுதா சாந்தா?"ன்னேன்.

"தெரியுதுங்க."

"சுத்தமாத் தெரியுதா?"

"சுத்தமாத் தெரியுதுங்க."

"மூக்கு?"

பையன் மறுபடி சிரிச்சான். அப்பறம் இவ சொன்னா, "எங்கப்பன் மூக்கேதானுங்க. அப்படியே உரிச்சு வெச்சிருக்குது."

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாதுங்க தம்பி. எட்டு மாசம் அலைஞ்ச அலைச்சலு அந்த ஒரு சொல்லுல எறங்கிப்போச்சு. முட்டியப் புடிச்சுட்டு எந்திரிச்சு, சுத்திக்கிட்டு முன்னால வந்தேன், நானும் பாக்கலாம்னு.

டிவில ஒண்ணுமில்லீங்க.

கருப்பா இருந்துது. சிக்னல் இல்லீன்னு ஒரு சின்னக் கட்டம் மட்டும் அங்கயும் இங்கயும் போயிட்டிருந்துது. நான் புடிச்சிருந்தது டிவிப் பக்கத்து முனை, கம்ப்யூட்டர்ப் பக்கம் கேபிள் கழண்டிருக்குது. படமே வரல. வெறும் சத்தம். இவ ரெண்டு கையையும் மடில வெச்சுட்டு, அந்தக் கருப்பைப் பாத்துச் சிரிச்சுட்டிருக்கறா.

நான் என்ன செஞ்சேன்னு நெனைக்கறீங்க? மறுபடியும் பின்னால போனேன். கேபிளைத் திருகி அமுக்கினேன். முன்னால வந்தேன். படம் வந்துருச்சு. பையன் மூஞ்சி இத்தாப் பெருசு, கன்னத்துல ஒரு சோத்துப் பருக்கை ஒட்டியிருக்குது, அதுகூடத் தெரியுது. அத்தனை சுத்தம். இவ மொகம் மாறவே இல்லீங்க. படம் வராததும் அவளுக்குத் தெரியல, வந்ததும் தெரியல. திரை வெளிச்சம் அவ மூக்குத்தியில பட்டுது. அவ்வளவுதான்.

பக்கத்துல போயி உக்காந்தேன். "நல்லா இருக்குதில்ல?"ன்னேன். வேற என்னத்தைக் கேக்க?

"எட்டு மாசம் பாடுபட்டிருக்கீங்க, நல்லா இல்லாமப் போகுங்களா?"ன்னு சொல்லிட்டு என் கையைத் தேடிப் புடிச்சுக்கிட்டா. தேடித்தானுங்க புடிச்சா. மொதல்ல சோபா கையில தடவிப்போட்டு, அப்பறம்.

எப்ப போச்சுன்னு தெரியல. கார்த்திகைலயா, மார்கழிலயா? கேக்கறதை நிறுத்தினாளே, அப்பவா? போன தடவை ஊசிக்கு வந்தப்பக்கூட எழுத்து அட்டையை அவ மனப்பாடமாச் சொல்லியிருப்பாளோன்னு இருக்குது. டாக்டரம்மா, "ஊட்டுல டிவி பாக்கறீங்களாம்மா?"ன்னு கேட்டாங்க. "நல்லாப் பாக்கறனுங்க"ன்னா. நானும் பக்கத்துல உக்காந்து ஆமா ஆமான்னேன். எனக்கு அப்ப எங்க தெரியும்? என் நெனப்பெல்லாம் மினி பீசில.

எனக்கு யாரு மேல கோவம்னே தெரியல தம்பி. டாக்டரம்மா எத்தனை நாள்னு சொல்லியிருந்தா நான் அதுக்குத் தக்கன முடிச்சிருப்பேன். மில்லுல எல்லாத்துக்கும் தேதி போட்டுத்தான் ஆர்டர் வரும். மாப்ளையாவது ஒரு அதட்டுப் போட்டிருக்கலாம், பென் டிரைவ்ல போடுங்க மாமான்னு. மொறை தப்பில்லீங்க. மொறையைத் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனா தூக்கம் வர்றதில்ல. சோறு எறங்கறதில்ல. சிரிச்சுட்டே இருக்கறாளே, அதைத்தான் தாங்க முடியல.

தினமும் பொழுதோட ஆறு மணிக்கு, "பையனைப் போடுங்க"ம்பா. போடுவேன். ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம். அவன் விழற எடம் சத்தத்துலயே அவளுக்குத் தெரியும், "பாருங்க, இப்ப விழுவான்"ம்பா. செரியா விழுவான். நானும் ஆமாம்பேன். அவ சொல்லல. நான் கேக்கல. இப்படியே பத்தொம்பது நாளாச்சு. அடுத்த நாளே இங்க கூட்டிட்டு வந்திருக்கலாம்தான். எப்படியும் ஊசிக்கு வரத்தானே போறோம், அப்ப மெதுவாச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். என்னங்க, ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஒரே எடத்துக்கு ரெண்டு அலைச்சல் எதுக்குன்னுதான்.

இன்னிக்கு வெடியால பஸ்ஸுல அவளே சொன்னா. "ஏனுங்க, டாக்டரம்மா கேட்டா நான் டிவி பாக்கறேன்னு சொல்லுங்க. வாணிக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம், அவ அங்க தனியாத் தவிச்சுப்போவா." அப்படின்னா, தனக்குக் கண்ணு தெரியலைங்கறது எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சுருச்சா? இல்ல, சும்மா சொல்லி வெச்சாளா? நான் டிக்கெட்டைப் பாத்துட்டே செரின்னேன்.

சொல்றதா வேண்டாமான்னு உங்களைக் கேக்கலீங்க. சொல்லித்தான் ஆகோணும். மிச்சம் மீதி இருந்தா டாக்டரம்மாதானே காப்பாத்தோணும். வெளிச்சம் தெரியற அளவுக்காவது இருந்தா அது பெருசில்லீங்களா? மில்லுல கணக்கை மறைச்சவனில்ல நானு, இதையும் மறைக்க மாட்டேன்.

ஆ, கூப்புடறாங்க. சாந்தாமணி கூட வந்தவங்க, நாந்தானுங்க சிஸ்டர், வர்றேன்.

கேபிள் கழண்டதையும் சொல்லிப்போடறேன். அவ பக்கத்து ஸ்டூல்லதான் உக்காந்திருப்பா. சொல்லி முடிச்சதும் எம்பக்கம் திரும்புவா. "அப்ப அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுட்டுத்தான் இத்தனை நாளும் பக்கத்துல உக்காந்திருந்தீங்களா?"ன்னு கேப்பா. அவ எப்படித் திரும்பிப் பாத்தாலும் எம்மொகம் அவளுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்துலதான் உள்ள போறேன்.